பிள்ளையார் எறும்பின் வேகமும் காம்பவுண்டுச் சுவரின் சூடும்

எட்டாம் வகுப்பு படிக்கிற என் மகளுக்குப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு செய்முறை தேவைப்பட்டது. தெர்மகோல் எரிமலை, சொட்டுநீர்ப் பாசன மாதிரி எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "செய்யறதுக்கு முன்னாடியே விடை தெரிஞ்சிருந்தா அது சோதனையாம்மா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். கடைசியில், வெப்பநிலை மாறும்போது பூச்சிகளின் நடத்தை எப்படி மாறுகிறது என்று பார்ப்பதாக முடிவானது.

எங்கள் வீடு உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தை மாதத்தில் விடியற்காலை போர்வையை விட மனசு வராது. பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஜனவரி கடைசியில் ஆரம்பித்து மார்ச் முதல் வாரம் வரை இந்த வேலை நடந்தது. இதைச் செய்து பார்க்க நினைக்கும் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால், தப்பிப்போனவற்றையும் விடாமல் எழுதுகிறேன். எங்களுக்குப் பாதிப் பாடம் அவற்றிலிருந்துதான் கிடைத்தது.

முதலில் நினைத்தது சுவர்க்கோழியைத்தான். 1897-இல் ஏமஸ் டால்பியர் என்ற அமெரிக்க இயற்பியலாளர், சுவர்க்கோழியை வெப்பமானியாகப் பயன்படுத்தலாம் என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரு நிமிடத்தில் அது எத்தனை முறை கத்துகிறது என்று எண்ண வேண்டும். அதில் 40-ஐக் கழித்து, 4-ஆல் வகுத்து, 50-ஐக் கூட்டினால் பாரன்ஹீட்டில் அன்றைய வெப்பநிலை வந்துவிடும். வட அமெரிக்காவில் மரத்தில் வாழும் ஒரு வகைச் சுவர்க்கோழிக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ராத்திரியில் நாலைந்து சேர்ந்து கத்தும். எது நிறுத்தியது, எது தொடங்கியது என்று பிரிக்கவே முடியவில்லை. ஒரே வகையா, இரண்டு வகையா என்பதும் தெரியவில்லை. இரண்டு ராத்திரி மொபைலில் பதிவு செய்து கேட்டுப் பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டோம்.

அடுத்து அவளே ஒரு வழி சொன்னாள். ஜாம் பாட்டிலில் பத்து எறும்பைப் பிடித்துப் போட்டு, முதலில் ஃபிரிட்ஜில், அப்புறம் அறையில், அப்புறம் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துப் பார்ப்பது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. செய்து பார்த்தபோதுதான் எவ்வளவு தப்பு என்று புரிந்தது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலின் உள்பக்கம் வேர்த்துவிட்டது. பத்தில் மூன்று எறும்புகள் அந்தத் துளிகளில் ஒட்டிக்கொண்டு காலை உதறின. வெந்நீரில் வைத்தபோது பாட்டிலின் அடிப்பாகம் சட்டென்று சுட்டுவிட்டது. இரண்டு எறும்புகள் சுருண்டு போயின. மற்றவை மூடியின் விளிம்பில் கூட்டமாக ஏறி நின்றன, நடக்கவே இல்லை. அடைபட்ட எறும்பு வெளியே போகத்தான் வழி தேடும். அது வழக்கமாக எப்படி நடக்கும் என்பதை அதில் பார்க்கவே முடியாது. மீதியை வாசலில் கொண்டுபோய் விட்டோம். அன்றைக்குச் சாயங்காலம் முழுவதும் அவள் சரியாகப் பேசவில்லை. ராத்திரி நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இப்படி எழுதி வைத்தாள்: "எறும்பைச் சூடாக்கக் கூடாது. சூடு தானா வர்ற இடத்துல போய் நாம நிக்கணும்."

இந்த முழு வேலையில் நடந்த நல்லதெல்லாம் அந்த இரண்டு வரியிலிருந்து வந்ததுதான்.

அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது என் அம்மா. தினமும் ஆறு மணிக்கு வாசலில் அரிசி மாவுக் கோலம் போடுகிறவர். "மாவு போட்ட உடனே ஒண்ணும் வராது சாமி. வெயில் ஏறட்டும், அப்புறம் பாரு, அதுக இழுத்துட்டு ஓடுறத" என்றார். மகள், "எட்டு மணிக்கும் ஒம்போது மணிக்கும் வித்தியாசம் தெரியுமா அம்மிச்சி?" என்று கேட்டாள். "ஏன் தெரியாது? எட்டு மணிக்கு ஊரும், ஒம்போது மணிக்குப் பறக்கும்." எத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ! நாங்கள் அதை அளந்து பார்த்தால் போதும் என்று தோன்றியது.

எங்கள் காம்பவுண்டுச் சுவர் வடக்கு தெற்காக ஓடுகிறது. கிழக்கு முகம் எங்கள் வாசல் பக்கம். பெயின்ட் அடிக்காத சாம்பல் நிறச் சிமென்ட் பூச்சு. கொத்தனார் பூச்சில் முழங்கால் உயரத்தில் நேராக ஒரு வரி இழுத்துவிட்டிருந்தார். கேட் தூணின் அடியில் இருக்கும் ஒரு விரிசலிலிருந்து கிளம்பும் எறும்புச் சாரை, மேலே ஏறி அந்த வரிக்குள் புகுந்து, அதன் வழியாகவே போகும். பள்ளமான வரி என்பதால் அதிகம் வளையாது. எங்களுக்குக் கிடைத்த ஓட்டப்பந்தயத் தளம் இதுதான். ஏற்ற இறக்கம் இல்லாமல் கிடைமட்டமாக இருந்தது இன்னொரு வசதி. மேலே ஏறும் எறும்பின் வேகமும் கீழே இறங்கும் எறும்பின் வேகமும் கலந்துவிட்டால் கணக்கே குழம்பிவிடும்.

எறும்பு, எல்லோரும் பிள்ளையார் எறும்பு என்று சொல்லும் கறுப்பு எறும்பு. கடிக்காது. ஊரில் இந்தப் பெயரில் இரண்டு மூன்று வகைகளைச் சொல்வார்கள். எங்கள் சுவரில் இருந்ததற்கு உடம்பு இரண்டரை மில்லிமீட்டர் அளவு; காலும் உணர்கொம்பும் உடம்புக்குப் பொருந்தாத நீளம். அதை வைத்து, உயிரியல் நூல்களில் பாராட்ரெக்கினா லாங்கிகார்னிஸ் என்று வரும் எறும்பு என்று அடையாளம் கண்டோம். வரி முடியும் இடத்தில் ஒரு பாட்டில் மூடியில் கால் ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை வைத்தோம். அளப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னால், எப்போதும் அதே அளவு, அதே இடம். பசியும் தீனியின் வாசனையும் எறும்பின் வேகத்தை மாற்றும் என்பதால் இதில் மட்டும் கறாராக இருந்தோம்.

தூரத்தைக் குறிப்பதில் முதல் நாளே சறுக்கல். 30 செ.மீ. அளந்து இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டாள். முதலில் வந்த எறும்பு கோட்டுக்கு முன்னால் நின்றது. உணர்கொம்பால் தட்டிப் பார்த்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. பின்னால் வந்தவையும் நின்றன. ஐந்து நிமிடத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். சாக்பீஸ் தூள் காலடியில் பெயர்ந்து வருகிறது. எறும்புகள் போட்டு வைத்த வாசனைத் தடத்தையும் மூடிவிடுகிறது. சரி, துடைத்துவிடலாம் என்று நான் ஈரத்துணியால் துடைத்தேன். அது அதைவிடப் பெரிய தப்பு. தூளோடு தடமும் போய்விட்டது. சாரை மறுபடி ஒழுங்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அப்புறம் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை இரட்டை ஒட்டு டேப்பால் வரிக்கு மேலே ஒட்டினோம். காலை வெயிலில் அதன் நிழல் நேராக வரிக்குள் விழுந்தது. வெப்பத்தை அளக்க வந்துவிட்டு நாமே நிழல் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று மகள்தான் கண்டுபிடித்தாள். ஸ்கேலைக் கழற்றி வரிக்குக் கீழே ஒட்டியதும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. கடைசிவரை அந்த ஸ்கேல் அங்கேயே இருந்தது.

நேரத்தை முதலில் ஸ்டாப்வாட்சில் எடுத்தோம். பக்கத்து வீட்டுப் பையன், ஆறாம் வகுப்பு, உதவிக்கு வந்திருந்தான். ஒரே எறும்பை அவனும் அவளும் தனித்தனியாக அளந்தபோது 0.3, 0.4 விநாடி வித்தியாசம் வந்தது. குளிரில் எறும்பு 15 விநாடி எடுத்துக்கொள்ளும்போது இது பெரிய விஷயம் இல்லை. வெயிலில் அதே தூரத்தை 5 விநாடியில் கடக்கும்போது இது நூற்றுக்கு ஆறு, எட்டுப் பங்கு பிழை. அதனால் இரண்டு செங்கலுக்கு நடுவில் மொபைலை நிறுத்தி வீடியோ எடுத்தோம். விநாடிக்கு 30 ஃபிரேம். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, எறும்பின் தலை ஸ்கேலின் சுழியைத் தொடும் ஃபிரேமையும் 30-ஐத் தொடும் ஃபிரேமையும் குறித்துக்கொண்டால் போதும். வேலை அதிகம்தான். ஆனால் அந்த வேலையில்தான் மகள் எறும்புகளை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தாள் என்று சொல்வேன். எதிரெதிரே வரும் இரண்டு எறும்புகள் நின்று, உணர்கொம்பால் ஒன்றையொன்று தட்டி, அப்புறம் விலகிப் போவதை வீடியோவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது.

அதுவே ஒரு கேள்வியையும் கொண்டுவந்தது. நின்று பேசிவிட்டுப் போகும் எறும்பைக் கணக்கில் சேர்ப்பதா? சேர்க்க வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். புற்றிலிருந்து சர்க்கரைக்குப் போகிற, 30 செ.மீ.யையும் நிற்காமல் கடக்கிற எறும்புகள் மட்டும். திரும்பி வருபவை வயிறு நிறைய இனிப்போடு வரும், அவற்றின் நடை வேறு. ஒரு வெப்பநிலைக்குப் பத்து எறும்புகள். ஒதுக்கிய எறும்புகளையும் மறைக்காமல் தனிப் பத்தியில் எண்ணிக்கை எழுதச் சொன்னேன். நமக்குப் பிடிக்காத எண்களைத் தூக்கிப் போடும் பழக்கம் அப்படித்தான் தொடங்கும். அந்த வயதில் அது வந்துவிடக் கூடாது என்று எனக்கு ஒரு கவலை.

இனி வெப்பநிலை. சோதனை திரும்பிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வாரம் முழுவதும், வீட்டில் இருந்த அறை வெப்பமானியைக் கேட்டில் தொங்கவிட்டு அது காட்டிய எண்ணைத்தான் எழுதினோம். வரைபடத்தாளில் புள்ளி வைத்தபோது மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தன. ஐந்தாம் நாள், காலை ஒன்பதே முக்காலுக்கு வெப்பமானி 26 டிகிரி காட்டியபோது எறும்புகள் ஆறு விநாடிக்குள் கடந்தன. அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு அதே 26 டிகிரி. எறும்புகளுக்கு ஒன்பது விநாடி ஆனது. "ஒரே டெம்பரேச்சர், ரெண்டு வேகம். அப்ப டெம்பரேச்சருக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லையாம்மா?" என்று அவள் கேட்டபோது எனக்கும் பதில் தெரியவில்லை.

மறுநாள் காலை அதே நேரத்துக்குச் சுவரருகே உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கச் சுவரில் கை ஊன்றினேன். சுட்டது. காற்று இதமாக இருக்கிறது, சுவரோ தோசைக்கல் காய ஆரம்பிக்கும்போது இருக்குமே, அந்தச் சூட்டில் இருக்கிறது. மகளின் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தேன். ஒரு நிமிடம் இருவருமே பேசவில்லை. அப்புறம் அவள் சொன்னாள்: "நாம நம்ம உயரத்துல அளந்துட்டு இருந்திருக்கோம்."

அதேதான். எறும்பு நம்மைப் போல உடம்பின் சூட்டைத் தானே நிலையாக வைத்துக்கொள்ளும் உயிர் இல்லை. சுற்றுப்புறம் என்ன சூடோ அதன் உடம்பும் ஏறக்குறைய அதே சூடு. உடம்பு சூடாகும்போது தசைக்குள் நடக்கும் வேதிவினைகள் வேகமாகின்றன, கால் வேகமாக எட்டுகிறது. ஆனால் அந்தச் 'சுற்றுப்புறம்' எது? அவ்வளவு சின்ன உடம்பு, சுவரை ஒட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்தில்தான் வாழ்கிறது. சுவரும், சுவரை ஒட்டி நிற்கும் அந்த மெல்லிய காற்றுப் படலமும்தான் அதன் உலகம். கேட்டில் தொங்கும் வெப்பமானி அதன் கணக்கில் வேறு ஊர்.

சுவரின் சூட்டை அளக்க, கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் கிடந்த நெற்றி வெப்பமானியை எடுத்தோம். துப்பாக்கி மாதிரி இருக்குமே, அது. அதிலும் முதல் நாள் ஏமாந்தோம். விடியற்காலையில் சுவருக்குக் காட்டினால் 'லோ' என்று மட்டும் வந்தது. எட்டரை மணிக்குமேல் 36.2, அப்புறம் 36.4, அப்புறம் 36.5. எறும்புகள் கண்ணெதிரே வேகமெடுக்கின்றன, எண் மட்டும் நகரவே மாட்டேன் என்கிறது. பெட்டியில் இருந்த காகிதத்தைத் தேடிப் படித்தபோது புரிந்தது. அதில் உடல், மேற்பரப்பு என்று இரண்டு முறைகள் உண்டு. உடல் முறையில் அது நெற்றியின் சூட்டை வைத்து உடம்பின் உள்சூடு எவ்வளவு இருக்கும் என்று திருத்திக் காட்டும். மனித உடம்புக்கு ஒத்துவராத குறைந்த சூடு என்றால் 'லோ' காட்டும். பொத்தானை அழுத்தி மேற்பரப்பு முறைக்கு மாற்றியதும் உண்மையான எண்கள் வந்தன: 33.8, 35.1, 36.9. உங்களிடம் அந்தக் கருவி இருந்தால் இதை முதலில் பாருங்கள்.

நம்பலாமா என்று சோதிக்க, பிளாஸ்டிக் மக்கில் ஐஸும் தண்ணீரும் கலந்து நன்றாகக் கலக்கிவிட்டுத் தண்ணீரின் மேல் காட்டினோம். 1.1 டிகிரி. போதும். வெயிலில் வைத்த எவர்சில்வர் தட்டுக்குக் காட்டியபோது, தொட்டால் சுடுகிற தட்டை 29 என்றது. பளபளப்பான உலோகம் தன் சூட்டைவிட எதிரில் இருப்பதன் சூட்டைத்தான் அதிகம் திருப்பி அனுப்பும். அகச்சிவப்புக் கருவி அதில் ஏமாந்துவிடும். சொரசொரப்பான சிமென்டில் அந்தத் தொல்லை இல்லை. கருவியையே வெயிலில் வைத்துவிடக் கூடாது, அதுவும் தப்பாகக் காட்டும். நிழலில் பத்து நிமிடம் வைத்திருந்து, சுவரிலிருந்து ஐந்து செ.மீ. தள்ளிப் பிடித்து, ஸ்கேலின் இரண்டு முனையிலும் நடுவிலும் மூன்று தடவை எடுத்துச் சராசரி போட்டோம்.

முதல் வாரத்தின் எண்களைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, ஆனால் கிழிக்காமல், மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தடவை புள்ளிகள் வரிசையில் வந்து நின்றன.

காலை ஆறே முக்கால், சுவர் 20 டிகிரி: பத்து எறும்புகளின் சராசரி 14.6 விநாடி. 25-இல் 10.1 விநாடி. 30-இல் 7.4. 35-இல் 5.9. 40-இல் 5.2. வேகமாக மாற்றிச் சொன்னால், 20 டிகிரியில் விநாடிக்கு இரண்டு செ.மீ.க்குக் கொஞ்சம் மேல், 30 டிகிரியில் நான்கு செ.மீ. பத்து டிகிரி ஏறியதற்கு வேகம் இரட்டிப்பு. உயிரினங்களின் உடம்பில் நடக்கும் பல செயல்கள் பத்து டிகிரிக்கு இரண்டிலிருந்து மூன்று மடங்கு கூடும் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுப் போவோம். அது எங்கள் வாசல் சுவரில் எறும்புக் காலில் வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் 30-லிருந்து 40 போகும்போது இரட்டிப்பாகவில்லை. ஒன்றரை மடங்குகூட இல்லை. கோடு மேலே போகப் போகச் சாய்ந்து படுத்துவிட்டது.

வீடியோவில் ஒரு எறும்பை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கேட் தூண் சுவரைவிட ஒரு அடி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். தை மாதச் சூரியன் தென்கிழக்கில் இருப்பதால் காலையில் தூணின் நிழல் வரியின் முதல் முழ நீளத்துக்கு விழும். அங்கே சுவர் 27 டிகிரி, நிழலுக்கு வெளியே 36. அந்த எறும்பு நிழலில் நிதானமாக வந்தது. நிழலின் விளிம்பைத் தாண்டி நான்கைந்து செ.மீ. போவதற்குள் கால்கள் தனித்தனியாகத் தெரியாத அளவுக்கு வேகமெடுத்துவிட்டது. யாரும் விரட்டவில்லை. உடம்பில் சூடு ஏறியது, அவ்வளவுதான். சூடேற அத்தனை குறைந்த நேரம் போதும், அந்த உடம்பு அவ்வளவு சிறியது.

இதைப் பார்த்தபோது நினைவுக்கு வந்தவர் ஹார்லோ ஷாப்லி. நம் சூரியன் பால்வெளி மண்டலத்தின் நடுவில் இல்லை என்று காட்டிய வானியலாளர். கலிபோர்னியாவில் மவுன்ட் வில்சன் வானாய்வகத்தில் ராத்திரி விண்மீன் கூட்டங்களைப் பார்ப்பவர், பகலில் அங்கே ஊரும் எறும்புகளைப் பார்த்தார். நிழலுக்குள் போனதும் அவை வேகம் குறைவதைக் கவனித்து, குறிப்பிட்ட தூரத்தைக் கடக்கும் நேரத்தை அளந்தார். எறும்பின் வேகத்தை வைத்தே வெப்பநிலையை ஒரு டிகிரி பிசகுக்குள் சொல்லிவிடலாம் என்று 1920-இல் எழுதினார். என் மகளுக்கு இதைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்த சந்தோஷம்! நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய வானியலாளர் குனிந்து உட்கார்ந்து பார்த்ததை அவளும் குனிந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

ஷாப்லியின் எறும்பு வேறு இனம். அவருடைய சூத்திரத்தை எடுத்து நம் எறும்புக்குப் போட முடியாது. நம் சுவருக்கு நம் வரைபடம்தான்.

பத்தரை மணிக்குமேல் என்ன ஆகிறது என்பதைச் சொல்லவில்லையே. சுவர் 42 டிகிரியைத் தொட்டதும் சாரை மெலிய ஆரம்பிக்கும். 44-இல் வரி காலி. பிப்ரவரியில் ஒன்பது நாள் பார்த்தோம், ஒன்பது நாளும் அப்படித்தான். முதலில் மகள் அதை 'எறும்பு இல்லை, அளக்கவில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள். மூன்றாவது நாள்தான், அந்த வெற்று இடமும் ஒரு விடைதானே என்று இருவருக்கும் தோன்றியது. வெப்பநிலை மாறினால் நடத்தை எப்படி மாறுகிறது என்பதுதானே கேள்வி. வேகம் மட்டுமே நடத்தை என்று எப்போது முடிவு செய்தோம்?

எங்கே போகின்றன என்று தேடினோம். பக்கத்து வீட்டுப் பையன் அவன் பக்கத்திலிருந்து கத்தினான்: "அக்கா, இங்கிட்டு ஓடுது!" சுவரின் மேற்கு முகம் அவர்கள் பக்கம். காலை முழுவதும் நிழல். அங்கே 29 டிகிரி. தூணை ஒட்டிய விரிசல் வழியாக அந்தப் பக்கம் புகுந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு, வழக்கத்தைவிட மூன்று பங்கு தூரம் நடந்து சர்க்கரைக்கு மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. பிற்பகலில் வெயில் மேற்கு முகத்துக்குப் போனதும் சாரை எங்கள் பக்கத்துக்குத் திரும்பிவிட்டது. குறுக்கு வழியைவிடக் குளிர்ந்த வழி அவற்றுக்கு மேல். சஹாராவில் வெள்ளி எறும்பு என்று ஒன்று உண்டு. கொதிக்கும் மணலில் நடுப்பகலில் வெளியே வந்து விநாடிக்கு 85 செ.மீ. வேகத்தில்கூட ஓடும். அதற்கு அந்தச் சூட்டைத் தாங்கும் உடம்பும், சூரியஒளியைத் திருப்பிவிடும் முடியும் இருக்கின்றன. நம் பிள்ளையார் எறும்புக்கு அவை இல்லை. அது பாதையை மாற்றுகிறது.

பிற்பகலில் எங்கள் பக்கச் சுவர் மெதுவாக ஆறுவது இன்னொரு விதத்தில் உதவியது. காலையில் ஏறும்போது ஒரு தடவை 30 டிகிரி, சாயங்காலம் இறங்கும்போது இன்னொரு தடவை 30 டிகிரி. காலையில் 7.4 விநாடி, சாயங்காலம் 7.6. இருட்டிய பிறகு 28 டிகிரியிலும் டார்ச் அடித்துப் பார்த்தோம், காலை வெயிலில் 28-இல் வந்ததற்கு அரை விநாடிகூட வித்தியாசம் இல்லை. கண்காட்சிக்கு வந்த ஒரு ஆசிரியர், "வெளிச்சம் கூடினதால வேகம் கூடியிருக்கலாமே?" என்று கேட்டார். மகள் அந்த டார்ச் அளவை எடுத்துக் காட்டினாள். அவர் அந்தப் பக்கத்தை நின்று முழுவதும் படித்தார். பிறகு அடித்துவிட்டிருந்த முதல் வாரப் பக்கங்களையும் புரட்டி, ஏன் அடித்தாய் என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் அவள் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள், அதிக உற்சாகமாகவும் சொன்னாள்.

கண்காட்சி முடிந்த பிறகும் விடவில்லை. மார்ச்சில் ஒரு விளையாட்டு மாதிரி ஆரம்பித்தது. அவள் மூன்று எறும்புகளை அளந்து, வரைபடத்தைப் பார்த்து, சுவரின் சூட்டைச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பையன் கருவியை நீட்டுவான். முதல் தடவை 27 என்றாள், 26.4 இருந்தது. இரண்டாவது 33 என்றாள், 34.1. மூன்றாவது தடவை 24 என்றாள், கருவி 29 காட்டியது. ஐந்து டிகிரி பிசகு. ஏன் என்று பார்த்தால் மூடியில் சர்க்கரை தீர்ந்துபோயிருந்தது. எறும்புகள் தேடித் தேடி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. வரைபடத்தின் மேல் ஓரத்தில் 'சர்க்கரை இருந்தால் மட்டும்' என்று எழுதிச் சேர்த்தாள்.

இப்போது சித்திரை. பகலில் சுவரின் எந்தப் பக்கமும் எறும்பு இல்லை. சாரை ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் கிளம்புகிறது. நேற்று ஒன்பது மணிக்குக் கரன்ட் போயிருந்த நேரம், என் அம்மா கட்டிலை வாசலில் போட்டுப் படுத்திருந்தார். மகள் டார்ச்சோடு சுவரருகே உட்கார்ந்து மூன்று எறும்புகளை அளந்தாள். "31" என்றாள். பையன் கருவியை நீட்டினான். 31.3.